தண்ணீரில் நின்றும் துவண்ட தக்காளி நாற்றுகள்: ஒரு மாடித் தொட்டியின் நிகழ்வு ஆய்வு

மண்ணில் நிற்கும் செடி துவண்டால் கை தானாகத் தண்ணீர்ச் செம்பைத் தேடும். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். அதே பழக்கத்தோடு, மண்ணில்லாமல் சத்துக் கரைசலில் செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் தொட்டியை அணுகும்போதுதான் சேதம் தொடங்குகிறது. சென்னையின் மேற்குப் பகுதியில் ஒரு மொட்டை மாடித் தொட்டியில் ஏப்ரல் கடைசியில் துவண்டுபோன ஆறு தக்காளி நாற்றுகளைப் பற்றி இங்கே எழுதுகிறேன். கோடை வந்தால் இதே நிலை பல வீடுகளில் வருகிறது. இலையைப் பார்த்துவிட்டு ஆளாளுக்கு ஒரு மருந்து சொல்கிறார்கள். வேரைப் பார்க்கச் சொல்பவர்கள் குறைவு. அதனால் இந்த ஒரு நிகழ்வை ஆரம்பத்திலிருந்து முழுதாகப் பதிவு செய்துவிடலாம் என்று நினைத்தேன்.

தொட்டியும் நாற்றும்

தொட்டி என்பது மூடி போட்ட 45 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி. பால் வெள்ளை நிறம். வெளிச்சம் ஓரளவு உள்ளே ஊடுருவும். மூடியில் ஆறு துளை, துளைக்கு ஒரு நெட் பாட் என்ற வலைக்கூடை, அதற்குள் களிமண் உருண்டைகள். அடியில் ஒரு மூலையில், காற்றைக் குமிழ்களாக வெளிவிடும் ஒரே ஒரு காற்றுக்கல். அதற்குக் காற்று அனுப்ப, கொளத்தூர் வண்ணமீன் கடையில் வாங்கிய சின்ன ஏர் பம்ப். உரம் வழக்கமான ஏ, பி என்ற இரண்டு கரைசல்கள். தண்ணீர் போர்வெல்லும் குடிநீர் வாரியத் தண்ணீரும் கலந்தது. உரம் எதுவும் சேர்க்காத நிலையிலேயே அதன் ஈசி, அதாவது கரைந்த உப்பின் அளவைச் சொல்லும் மின்கடத்துதிறன், 0.9 காட்டியது.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியை. மாடித்தோட்டத்தில் நல்ல அனுபவம் உள்ளவர், ஹைட்ரோபோனிக்ஸ் மட்டும் புதிது. விதை பிகேஎம் 1. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த இந்த ரகம் நம் ஊர் வெயிலுக்குப் பழகியது. தென்னை நார்க்கழிவுத் தட்டில் முளைக்கவைத்து, மூன்றாவது உண்மை இலை வந்ததும் ஆறு நாற்றுகளைத் தொட்டிக்கு மாற்றியிருக்கிறார். மீதி நான்கை வீணாக்க மனமில்லாமல் பக்கத்திலேயே குரோ பேக் எனும் செடி வளர்ப்புப் பையில் வைத்திருக்கிறார். விசாரணையில் பெரிய உதவி செய்தவை அந்த நான்கு செடிகள்தான்.

முதல் பத்து நாள் தொட்டி அழகாகப் போயிருக்கிறது. தண்ணீர் மட்டம் நாலு விரல் இறங்கியது, வேர் நீண்டது, புது இலை வந்தது. அப்புறம் ஒரு மதியம் இலைகள் கீழே தொங்கின. "தண்ணி குறைஞ்சிடுச்சு போல" என்று அன்று மாலையே நெட் பாட் நனையும் அளவுக்குத் தொட்டியை நிரப்பிவிட்டார். மறுநாள் தொங்கல் அதிகமானது. இரண்டு நாள் கழித்துக் காலையிலும் இலை எழவில்லை, கீழ் இலைகள் மஞ்சளாயின. தெரிந்தவர் ஒருவர் சத்துக் குறைபாடு என்று சொல்ல, உரக் கரைசலை இன்னொரு பங்கு சேர்த்தார். அதற்கும் சரியாகாத பிறகுதான் எனக்குப் படங்கள் வந்தன. கூடவே ஒரு கேள்வி: "தம்பி, முழங்கால் தண்ணியில நிக்குற மாதிரி நிக்குது. அப்புறம் ஏன் வாடுது?"

இந்தப் பிரச்சினையின் மையமே அந்தக் கேள்விதான். அதற்குப் பதில் கிடைத்தால் மருத்துவமும் கிடைத்துவிடும்.

படங்கள் சொன்னது

நேரில் போவதற்கு முன் படங்களைத் தேதி வரிசையில் அனுப்பச் சொன்னேன். துவண்ட செடியின் இன்றைய படத்தை விட முதல் நாள் படம் அதிகம் சொல்லும். முதல் மதியம் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், இலைப்பரப்பு விறைப்பாகவே இருந்தது. வளைந்திருந்தது காம்புதான். தண்டோடு சேரும் இடத்திலிருந்து காம்பு முழுவதும் தரையை நோக்கி வளைந்திருந்தது. தண்ணீர் இல்லாத செடியில் இலை மெலிந்து துணிபோல் தொங்கும், ஓரம் சுருளும். இது அப்படி இல்லை.

தக்காளியில் இந்தக் காம்பு வளைவு நன்கு ஆராயப்பட்ட ஒன்று. வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காதபோது அங்கே ஏசிசி என்ற பொருள் சேர்கிறது. அதை எத்திலீன் என்ற வாயு ஹார்மோனாக மாற்ற ஆக்சிஜன் வேண்டும், வேரிலோ அது இல்லை. எனவே ஏசிசி சாற்றோடு மேலே ஏறி, காற்று தாராளமாக உள்ள இலைப்பகுதியில் எத்திலீனாகிறது. எத்திலீன் பட்டதும் காம்பின் மேல்பக்கச் செல்கள் கீழ்ப்பக்கத்தை விட வேகமாக நீள, காம்பு கீழே வளைகிறது. வெள்ளம் சூழ்ந்த வயலில் தக்காளி நிற்கும் கோலமும் இதுதான். ஆக, முதல் நாளிலேயே செடி சொன்னது தாகத்தை அல்ல, மூச்சுத் திணறலை. மூன்றாம் நாள் படத்தில்தான் இலைப்பரப்பு தளர்ந்து உண்மையான வாட்டம் தெரிந்தது.

தண்ணீரில் நிற்கும் வேர் ஏன் தண்ணீர் குடிக்கவில்லை? வேர்ச் செல்களின் சவ்வில் தண்ணீர் நுழைவதற்கென்றே புரத வாயில்கள் உண்டு, அக்வாபோரின் என்று பெயர். ஆக்சிஜன் இல்லாவிட்டால் செல்லின் உட்சாறு அமிலமாகிறது. அந்த அமிலத்தன்மையே இந்த வாயில்களை மூடிவிடுகிறது. ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் இதை 2003-இல் வெளியான ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. வாயில் மூடிய பிறகு வெளியே எத்தனை லிட்டர் நின்றாலும் ஒன்றுதான். மேலே வெயிலில் இலை நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கும், கீழிருந்து ஈடு வராது. ஆசிரியையின் கேள்விக்கு நான் தந்த பதிலும் இதுவே.

மாடியில் அளந்தது

படத்தை வைத்து வந்த ஊகம் ஊகம்தான். மதியம் இரண்டரைக்கு மாடிக்குப் போனேன். வெயில் உச்சம் தொட்டு, அதன் சூடு தண்ணீரில் முழுதாக இறங்கியிருக்கும் நேரம் அது. காலையில் பத்து மணிக்கு வந்து அளந்துவிட்டுப் போகிறவர்கள் இந்தக் குற்றவாளியைப் பிடிக்கவே முடியாது.

மீன் தொட்டிக்கு விற்கும் கண்ணாடி வெப்பமானியைத் தொட்டிக்குள் விட்டோம். 34 டிகிரியைத் தாண்டி நின்றது. மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆசிரியை அளந்தபோதும் 29. அமில, காரத் தன்மையைச் சொல்லும் பிஎச் 6.4, ஏற்கத்தக்கது. ஈசி 2.1. காற்றுக்கல்லை வெளியே எடுத்தால் அதன்மேல் வெள்ளையாக உப்புப் படிந்து பாதித் துளைகள் அடைபட்டிருந்தன. குமிழ்கள் ஒரு மூலையில் மட்டும் வந்தன. எதிர்மூலையில் தண்ணீர் அசையவே இல்லை. போதாததற்கு அந்த வாரம் மதிய நேரத்தில் அடிக்கடி மின்தடை.

பிறகு மூடியைத் தூக்கி வேரைப் பார்த்தோம். ஆறில் நான்கின் வேர் வெளிறிய பழுப்பு, ஆனால் உறுதியாக இருந்தது. மற்ற இரண்டு, காற்றுக்கல்லுக்கு எதிர்மூலையில் நின்றவை. அவற்றின் வேர் கருத்து, வழவழவென்று, சாக்கடை வாடையோடு இருந்தது. ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தால் மேல்தோல் உறையாகக் கழன்று வந்தது. உள்ளே மெல்லிய நரம்பு மட்டும் மிஞ்சியது. இது பிதியம் என்ற நோய்க்கிருமி தாக்கிய வேர் அழுகலின் வழக்கமான அடையாளம். பழுப்பு நிறம் மட்டும் இருந்தால் அழுகல் என்று முடிவுகட்டக் கூடாது. உரத்தில் உள்ள இரும்புச்சத்தும் வேரில் கறை ஏற்றும். வழவழப்பு, வாடை, தோல் கழல்வது மூன்றும் சேர்ந்தால்தான் அழுகல்.

எதை எதை ஒதுக்கினோம்

விதைக் கோளாறா? அதே தட்டில் முளைத்த நான்கு நாற்றுகள் அதே மாடியில் குரோ பேக்கில் நிமிர்ந்து நின்றன. அவற்றுக்கும் ஊற்றியது இதே தண்ணீர், இதே உரத்தின் நீர்த்த கரைசல். இந்த ஒரே சாட்சியால் விதை, மாடிக் காற்றின் வெப்பம், தண்ணீரின் உப்பு, உரத்தின் தரம் ஆகிய நான்கும் பட்டியலிலிருந்து இறங்கிவிட்டன. நாற்றழுகலும் இல்லை. அதில் தண்டின் அடி நூலாக மெலிந்து நாற்றே சாய்ந்துவிடும், இங்கே தண்டு திடமாக இருந்தது. இலையின் அடியில் பூச்சி இல்லை.

ஈசி 2.1 பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சின்ன நாற்றுக்கு அது கூடுதல்தான், வேர் நீர் உறிஞ்சுவதை இன்னும் கடினமாக்கும். ஆனால் தக்காளி உப்பை ஓரளவு தாங்கும் பயிர். வளர்ந்த செடிக்கு இதைவிட அதிகமாகவே கொடுக்கிறார்கள். தவிர, இலை தொங்கிய பிறகுதான் உரம் கூட்டப்பட்டது. காரணம் விளைவுக்குப் பின்னால் வர முடியாது. எனவே ஈசியை நோயின் காரணமாக அல்லாமல், நோயாளிமேல் ஏற்றிய கூடுதல் சுமையாகவே எடுத்துக்கொண்டேன்.

மிச்சமிருந்தது வேரும் அதன் மூச்சும்.

சூடும் மூச்சும்

சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகக் கரையும் என்பதைப் பலரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. நல்ல தண்ணீரில் 20 டிகிரியில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் சுமார் 7.5, 35-இல் ஏறத்தாழ 7. அதாவது கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவான இழப்பு. இது மட்டும் நடந்தால் எந்த நாற்றும் செத்துப்போகாது. மீதிப் பாதி தேவையின் பக்கம் இருக்கிறது. பத்து டிகிரி ஏறினால் வேரின் சுவாசம் ஏறக்குறைய இரு மடங்காகும். தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்களும் அப்படியே. வரவு குறையும் அதே நேரத்தில் செலவு ஏறிவிடுகிறது. அசையாத தண்ணீரில் நிலைமை இன்னும் மோசம். தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவுவதைப் போலப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். வேர்க்கற்றைக்கு நடுவில் உள்ள ஆக்சிஜன் தீர்ந்தால், ஓர் அங்குலம் தள்ளி இருப்பது வந்துசேர நேரமாகும். எதிர்மூலைச் செடிகள் இரண்டும் முதலில் விழுந்ததற்கு இதுவே விளக்கம்.

வேர் திணறும் இடத்தில் பிதியம் நுழைகிறது. பூஞ்சை என்று பொதுவாகச் சொன்னாலும் அது உண்மையான பூஞ்சை இனம் அல்ல, ஊமைசீட்டுகள் என்ற வேறொரு கூட்டம். அதன் வித்துகளுக்கு வால் உண்டு, தண்ணீரில் நீந்திப் போய் வேரைப் பிடிக்கும். ஒரே தொட்டியில் ஆறு செடி என்றால் ஆறும் ஒரே குளத்தில்தான். இந்தக் குடும்பத்தில் பிதியம் அஃபனிடெர்மேட்டம் வெப்பத்தை விரும்பும் வகை, 30 டிகிரிக்கு மேல்தான் அதற்குக் கொண்டாட்டம். எங்கள் தொட்டியில் இருந்தது அதுதானா என்று ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்கவில்லை. சிகிச்சை எப்படியும் ஒன்றுதான்.

முதல் பத்து நாள் நன்றாக இருந்த செடி பதினோராம் நாள் ஏன் விழுந்தது? இங்கேதான் நிரப்பியதன் பங்கு வருகிறது. மட்டம் நாலு விரல் இறங்கிய அந்த இடைவெளியில், மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே, வேர்கள் பஞ்சுபோல் பக்கவேர் விட்டிருந்தன. இவை ஈரக் காற்றிலிருந்து நேராக ஆக்சிஜன் எடுப்பவை. பம்பே இல்லாமல் தொட்டி நடத்தும் முறையை வகுத்த ஹவாய் பல்கலைக்கழகத்தின் கிராட்கி நம்பியது முழுக்க இந்தக் காற்று வேர்களைத்தான். அவை வந்த பிறகு மட்டத்தைத் திரும்ப ஏற்றக் கூடாது என்பது அந்த முறையின் அடிப்படை விதி. முதல் மதியத் தொங்கல் சூட்டினால் வந்த லேசான திணறல். அன்றிரவு தானாகத் தேறியிருக்க வாய்ப்பு அதிகம். தொட்டியை விளிம்புவரை நிரப்பியபோது, செடிக்கு மிச்சமிருந்த ஒரே மூச்சுவழியும் மூழ்கிவிட்டது.

செய்த சிகிச்சை

அன்று மாலை, அழுகிய இரண்டு செடிகளை வெளியேற்றியதைத் தவிர, ஒரே ஒரு காரியம்தான் செய்தோம். ஒரு பக்கெட் தண்ணீரை எடுத்து, நெட் பாட்டின் அடிக்குக் கீழே நாலு விரல் இடைவெளி வரும்படி மட்டத்தை இறக்கினோம். உரம், பிஎச், மருந்து எதையும் தொடவில்லை. மறுநாள் காலை, நான்கில் மூன்றின் இலைகள் பாதி எழுந்திருந்தன. இரவில் எந்தச் செடியும் கொஞ்சம் தேறும் என்று சொல்லலாம். ஆனால் அதற்கு முந்தைய காலைகளில் இந்தச் செடிகள் தேறவில்லை. அழுகிய இரண்டை எடுத்ததைத் தவிர, மாறியது மட்டம் ஒன்றுதான்.

இந்த ஒழுங்கு எனக்கு முக்கியமாகப் படுகிறது. பதற்றத்தில் நான்கைந்து மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் செடி பிழைத்தாலும் எதனால் பிழைத்தது என்று தெரியாது. அடுத்த கோடையில் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

மறுநாள் காலை தொட்டியைக் காலி செய்து, பிளீச்சிங் கரைசலில் கழுவி, பலமுறை அலசி, வெயிலில் காயவைத்தோம். அதுவரை செடிகள் நிழலில் ஒரு வாளியில் இருந்தன. அழுகிய வேர்த் துணுக்குகளைக் கத்தரித்தோம். புதுக் கரைசலை ஈசி 1.4-க்குக் கலந்தோம். தண்ணீரே 0.9 என்பதால், ஆர்ஓ தண்ணீரைப் பாதி சேர்த்த பிறகுதான் உரத்துக்கு இடம் கிடைத்தது. பழைய காற்றுக்கல்லைத் தூக்கிப்போட்டு, எதிரெதிர் மூலையில் இரண்டு வைத்தோம். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டினோம். கீழே இருந்தால் மின்சாரம் போகும்போது குழாய் வழியாகத் தண்ணீர் பின்வாங்கிப் பம்பைக் கெடுத்துவிடும்.

சூட்டைக் குறைப்பதுதான் பெரிய வேலை. பெட்டிக்கு வெளியே முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளை பெயின்ட். கறுப்பு வெளிச்சத்தை மறிக்கும், பாசி வராது. வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும். சுற்றிலும் அடியிலும் தெர்மோகோல். மாடித் தளத்தின் சூடு அடிவழியாக ஏறுவதைப் பலர் கவனிப்பதில்லை. மேலே 50 சதவீத ஷேட் நெட்.

உறைந்த தண்ணீர் பாட்டில் போடலாமா என்று கேட்டார். போடலாம், ஆனால் கணக்குத் தெரிந்து போட வேண்டும். ஒரு கிலோ பனிக்கட்டி உருக 80 கிலோகலோரி எடுக்கும். உருகிய நீர் 28 டிகிரிவரை சூடேற இன்னும் 28. மொத்தம் 108. தொட்டியில் 35 லிட்டர் இருந்தால் ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று சுமார் 3 டிகிரியைக் குறைக்கும். மறைப்பு இல்லாத தொட்டியில் வெயில் அதைச் சீக்கிரமே திருப்பிக் கொடுத்துவிடும். தெர்மோகோல் போட்ட தொட்டியில் பன்னிரண்டு மணிக்கு ஒன்று, இரண்டரைக்கு ஒன்று என்று போட்டபோது மதிய உச்சம் 28, 29-இல் நின்றது. தக்காளி வேருக்கு இன்னும் குளிர்ச்சி பிடிக்கும். ஆனால் மே மாதச் சென்னையில், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரம் இல்லாத வீட்டில், இது நல்ல எண்.

ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றும்படி அவருக்கு வேறொருவர் சொல்லியிருந்தார். வேண்டாம் என்றேன். அது கிருமியையும் நல்ல நுண்ணுயிரையும் இளம் வேர்முனையையும் பிரித்துப் பார்க்காது. அதன் வேலை சீக்கிரம் முடிந்துவிடும், சூடு அப்படியே இருந்தால் பிதியம் திரும்ப வந்துவிடும். நோய்க்கிருமிகளை அடக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடியை அடுத்த விதைப்பின்போது விதை நேர்த்திக்கு, கிலோ விதைக்கு 4 கிராம் என்ற அளவில், பயன்படுத்தச் சொன்னேன். வேரில் அழுகல் தொடங்கிய பிறகு அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

பிறகு நடந்தது

ஒரு வாரத்துக்குள் மூன்று செடிகளில் வெள்ளை வேர் புதிதாக எட்டிப்பார்த்தது. மஞ்சளான கீழ் இலைகள் பச்சைக்குத் திரும்பவில்லை. திரும்பாது, அவற்றைக் கிள்ளிவிடலாம். குணமாவதை அளக்க வேண்டியது புது இலையில்தான். நான்காவது செடி குட்டையாகவே நின்றது. அதன் வேரும் பின்னர் வழவழக்கத் தொடங்கியதால் உடனே எடுத்துவிட்டார். ஒரே குளம் என்பதால் அந்த முடிவில் தயக்கம் கூடாது.

மூன்று செடிகளும் பூத்தன, பூ உதிர்ந்தது. ஆசிரியை திரும்பத் தொட்டியைத்தான் சந்தேகப்பட்டார். இந்த முறை தொட்டிமேல் தவறில்லை. இரவும் வெக்கையாக இருக்கும்போது தக்காளியின் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பிஞ்சு பிடிக்காமல் பூ கழன்றுவிடும். குரோ பேக் செடிகளிலும் அதேபோல உதிர்ந்தது. ஆடி மாதம் மாலை மழை இறங்கி இரவு கொஞ்சம் தணிந்த பிறகு இரண்டு இடத்திலும் காய் பிடித்தது.

இப்போது அந்தத் தொட்டியின் வெளிப்பக்கத்தில் பெயின்ட் சுரண்டிய ஒரு செங்குத்துப் பட்டை இருக்கிறது. உள்ளே மட்டம் தெரிவதற்காக. பார்க்காத நேரம் அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுவார். வேர் இடைவெளியை எட்டிய பிறகு எந்தக் கோட்டுக்கு மேலே நிரப்பக் கூடாது என்று அதில் குறித்துவைத்திருக்கிறார். மட்டம் பாதி அளவுக்குக் கீழே போனால் மட்டும், அந்தக் கோடுவரை, பாதி வலுவுள்ள கரைசலைச் சேர்க்கிறார். தக்காளியை ஆவணிக்குத் தள்ளிவிட்டு, ஏப்ரல், மே மாதங்களில் தொட்டியில் வள்ளைக்கீரை போடச் சொல்லியிருக்கிறேன். குளக்கரையிலும் வாய்க்காலிலும் தானாக வளரும் கீரை அது. தண்டு உள்ளீடற்றது, வேருக்குக் காற்றை மேலிருந்தே இறக்கிக்கொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரும் மதிய மின்தடையும் அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை.